பாசத்துல கையைக் கட்டிப் போடாதீங்க

மலைமேல பிசியோ: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம் எல்லாமே நம்ம பழனி மலைப் பக்கம் தான். பூம்பாறைல இருந்து வந்த கடிதத்துக்கு மட்டும் எடம் கொஞ்சம் அதிகமா எடுத்துக்கிறேன், அந்த மாதிரி வீடு நான் நெறைய பாத்துட்டேன்.

கேள்வி: அக்கா, எங்க அப்பாவுக்கு வயசு 62, பூண்டு வெவசாயம். 7 வாரத்துக்கு முன்னாடி காலைல எந்திரிக்கும்போதே இடது கை கால் விழுந்துருச்சு. மதுரைல ஆஸ்பத்திரில 9 நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க. இப்ப புடிச்சுக்கிட்டா நடக்குறாரு, ஆனா கை தூக்க முடியல, விரல் மடங்கியே இருக்கு. ரப்பர் பந்து வாங்கி அமுக்கச் சொல்றோம். தோள் வலிக்குதுன்னு ராத்திரி பூரா முனங்குறாரு. ஊட்டுறது, குளிப்பாட்டுறது, சட்டை மாட்டுறது எல்லாம் அம்மா தான். 3 மாசத்துல வராத கை அப்புறம் வரவே வராதுன்னு ஊர்ல சொல்றாங்க, நெசமா?
பேர் வேண்டாம், பூம்பாறை

பதில்: தங்கச்சி, அப்பாவுக்கு வந்திருக்கிறது பக்கவாதம். மொதல்ல அந்தத் தோள் வலி. அப்பாவை கட்டில்ல இருந்து எழுப்பும்போது எதைப் புடிச்சுத் தூக்குறீங்கன்னு நாளைக்குக் காலைல கவனிங்க. முக்கால்வாசி வீட்டுல விழுந்த கையைப் புடிச்சு இழுப்பாங்க, இல்லைன்னா அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்குவாங்க. தோள் மூட்டுங்கிறது சின்னத் தட்டுல பெரிய எலுமிச்சம்பழத்தை ஒட்ட வச்ச மாதிரி, பழம் விழாமப் புடிச்சிருக்கிறது சுத்தி இருக்கிற தசை தான், அந்தத் தசை இப்ப தளந்து கெடக்கு, நம்ம இழுக்கிற ஒவ்வொரு தடவையும் பழம் கொஞ்சம் கீழ எறங்குது. தோள் எலும்பு முனைக்குக் கீழ விரல் வச்சுத் தடவிப் பாருங்க, வலது பக்கம் இல்லாத ஒரு பள்ளம் இடது பக்கம் விரல் எறங்குற அளவுக்கு இருந்தா மூட்டு எறங்கியிருக்குன்னு அர்த்தம். இனிமே அந்தக் கையை யாரும் இழுக்க வேண்டாம். இடுப்புல அகலமான பெல்ட்டோ மடிச்ச வேட்டியோ கட்டி அதைப் புடிச்சு எழுப்புங்க. உக்காரும்போது முழங்கைக்குக் கீழ தலகாணி, படுக்கும்போது தோளுக்குப் பின்னாடி மடிச்ச துண்டு. உத்தரத்துல கயிறு போட்டு கையை மேல இழுக்கிற பயிற்சி யாராச்சும் சொல்லியிருந்தா அதையும் நிறுத்திடுங்க, எறங்குன தோளுக்கு அது வலியைத் தான் கூட்டும்.

அடுத்தது பந்து. ஏற்கனவே மடங்கத் துடிக்கிற விரலுக்கு மடக்குற பயிற்சி எதுக்கு? அப்பாவுக்கு வேண்டியது விரலைத் திறக்குறது. திண்ணைல உக்கார வச்சு, இடது உள்ளங்கையை விரல் விரிச்சு பக்கத்துல பதிய வச்சு, உடம்பு எடையை மெதுவா அது மேல சாய்க்கச் சொல்லுங்க. 10 எண்ணுற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் எடுக்கட்டும். விரல் தளந்ததும் அப்பவே அந்தக் கைக்கு வேலை குடுக்கணும்.

வேலை உங்க வீட்டுலயே கொட்டிக் கெடக்கு. ஒரு முறத்துல 20 பூண்டு வைங்க, இடது கையால ஒவ்வொண்ணா தள்ளி அடுத்த முறத்துல சேக்கணும், எடுக்க முடியாட்டி தள்ளட்டும், தள்ள முடியாட்டி அம்மா முழங்கையைத் தாங்கிக்கிட்டு அவரைத் தள்ள விடட்டும். கொஞ்சம் புடி வந்ததும் இடது கை பூண்டைப் புடிச்சுக்கணும், வலது கை உரிக்கணும். 30, 40 வருஷம் பூண்டு தொட்ட கை அது, அந்தப் பழக்கம் மூளைல எங்கயோ எழுதியிருக்கு, பந்துல அது கெடையாது. பக்கவாதத்துல மூளைல அடிபட்ட எடம் அடிபட்டது தான், ஆனா பக்கத்துல இருக்கிற எடம் அந்த வேலையைக் கத்துக்க முடியும், திரும்பத் திரும்பக் கேட்டாத் தான் கத்துக்கும், ஒரு நாளைக்கு 10 தடவை பத்தாது, காலைலயும் சாயங்காலமும் பிரிச்சு நூத்துக்கணக்குல செய்ய வைங்க.

இப்ப அம்மா. இதை எழுதும்போது எங்க அப்பத்தா ஞாபகம் தான் வருது. நான் பிளஸ் டூ படிக்கும்போது அவங்களுக்கு வலது கை விழுந்துச்சு. ஒரு ஆஸ்பத்திரில இருந்து மாத்திரைச் சீட்டோட அனுப்பினாங்க, பயிற்சின்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லல. வீட்டுல 5 பேரு, மாத்தி மாத்தி ஊட்டினோம், தலை வாரி விட்டோம், டம்ளரைக் கூட தூக்க விடல, அவ்வளவு பாசம். 2 வருஷத்துல அந்தக் கை மடங்கி நெஞ்சோட ஒட்டிப் போச்சு. நகம் உள்ளங்கைல குத்திப் புண்ணு, அதைத் தொடைக்க விரலை ஒவ்வொண்ணா பிரிக்கும்போது அப்பத்தா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு பல்லைக் கடிப்பாங்க, சத்தமே போட மாட்டாங்க. ஒரு கை வேலையே செய்யலைன்னா மூளை அந்தக் கையை மறந்துரும், அதை மறக்க வச்சதுல எங்க பாசத்துக்கும் பங்கு இருந்துச்சுன்னு நான் பிசியோ படிக்கப் போன அப்புறம் தான் புரிஞ்சுச்சு.

அதனால அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க. சாப்பாட்டை அப்பாவே சாப்பிடட்டும், இடது கை தட்டைப் புடிச்சுக்கட்டும், நேரா உக்காந்து, சின்னச் சின்ன வாயா, தண்ணி குடிச்சா பொரை ஏறுதான்னு பாத்துக்கங்க, ஏறுச்சுன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். சட்டை போடும்போது விழுந்த கையை மொதல்ல நுழைக்கணும், கழட்டும்போது அதைக் கடைசியா எடுக்கணும். 5 நிமிஷ வேலை 25 நிமிஷம் ஆகும், ஆகட்டும், அந்த 25 நிமிஷமும் பயிற்சி தான்.

3 மாசக் கணக்கு பாதி நெசம். வேகமா முன்னேறுறது மொதல் 3 மாசம் தான், 6 மாசம் வரைக்கும் நல்லாவே வரும், அதனால இப்ப இருக்கிற நாளை வீணாக்கக் கூடாது. ஆனா அன்னைக்கோட கதவை இழுத்துச் சாத்துற மாதிரி எதுவும் இல்ல, 1 வருஷம் கழிச்சும் விரல் அசைவு கூடுனவங்க இருக்காங்க, வேகம் தான் கொறையும்.

செலவில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்கு, முகம் பாக்குற கண்ணாடி. ரெண்டு கைக்கும் நடுவுல கண்ணாடியை நிக்க வச்சு, விழுந்த கையைப் பின்னாடி மறைச்சு, நல்ல கையை விரிச்சு மடக்கச் சொல்லுங்க. கண்ணாடிக்குள்ள பாத்தா இடது கையே அசையுற மாதிரி தெரியும், மூளையும் அதை நம்பிக்கிட்டு வேலை செய்ய ஆரம்பிக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரில படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன் 1990கள்ல கை போனவங்களுக்கு இல்லாத கைல வர்ற வலிக்காகக் கண்டுபிடிச்ச வழி இது, பின்னாடி பக்கவாதத்துக்கும் பயன்பட்டுச்சு. தினமும் 20, 30 நிமிஷம் போதும்.

பூம்பாறைக் குளிர்ல இறுக்கம் கூடத் தான் செய்யும், பயிற்சிக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில கையை வைக்கலாம். தண்ணிச் சூட்டை நீங்க உங்க கையால தொட்டுப் பாருங்க, அப்பாவை நம்பாதீங்க, விழுந்த பக்கம் உணர்ச்சி கொறைவா இருந்தா சுடுறதே தெரியாது. அடுப்போரம் குளிர் காஞ்சுக்கிட்டு கால் கொப்புளிச்சது கூட தெரியாம வந்தவங்களை நான் பாத்துருக்கேன். பிரஷர் மாத்திரையை ஒரு நாள் கூட விடக் கூடாது, பீடி இருந்தா இன்னைக்கே நிக்கணும்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: வாய் கோணுது, கை நழுவுது, பேச்சு குழறுதுன்னா கஷாயம் வச்சுக்கிட்டு உக்காராதீங்க. மூளை ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுவும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுத் தான். நம்ம காட் ரோட்டுலயே பாதி நேரம் போயிரும். உடனே 108, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாருன்னு குறிச்சு வச்சுக்கங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயசு, ஹோம்ஸ்டேல வேலை. ராத்திரி பைக்ல வந்தேன், காலைல வாய் வலது பக்கம் கோணிக்கிச்சு, இடது கண்ணு மூட முடியல. பனிக்காத்து அடிச்சிருச்சுங்கிறாங்க. கரண்ட் வச்சா சரியாகுமாமே?
ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: தம்பி, உங்க கடிதம் கைக்கு வந்ததும் போன்லயே டாக்டரைப் பாக்கச் சொல்லிட்டேன், இது மத்தவங்களுக்காக. கண்ணாடி முன்னாடி புருவத்தை மேல தூக்கிப் பாருங்க. கண்ணு மூட முடியாத பக்கம் நெத்தியும் சேந்து சுருங்கலைன்னா பெரும்பாலும் அது முக நரம்பு வாதம், நெத்தி நல்லா சுருங்குது ஆனா வாய் மட்டும் கோணியிருக்குன்னாலோ, கூட கை கால் பலம் கொறைஞ்சிருந்தாலோ மூளைல பிரச்சனையா இருக்கலாம், உடனே ஓடணும். எதுன்னு முடிவு பண்றது டாக்டர் தான். காதுக்குப் பின்னாடி எலும்புக் குழாய் வழியா வர்ற நரம்பு வீங்கி நசுங்குறதால வர்றது தான் முக நரம்பு வாதம், பனிக்காத்து மேல பழி போட்டுட்டு 4 நாள் மப்ளர் சுத்திக்கிட்டுத் திரிஞ்சா நல்ல நேரம் போயிரும், ஸ்டீராய்டு மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத் தான் நல்லா வேலை செய்யும்.

கண்ணு தான் முக்கியம். மூடாத கண்ணு காஞ்சு கருவிழில புண்ணு வந்துரும், பகல்ல சொட்டு மருந்து, ராத்திரி டேப் ஒட்டி மூடணும், பைக்ல போகும்போது கண்ணாடி. கரண்ட் வைக்கிறதுக்கு எல்லாரும் அவசரப்படுறாங்க, பெரிய பலன் இருக்குன்னு ஆதாரம் இல்லாததுக்கு காசைக் கொட்ட வேண்டாம். பலூன் ஊதுறது, பபிள்கம் மெல்லுறதும் வேண்டாம், பலமா முக்கி முக்கி செஞ்சா நரம்பு மாத்தி இணைஞ்சு, சிரிக்கும்போது கண்ணும் சேந்து மூடுற மாதிரி ஆகலாம். கண்ணாடி முன்னாடி மெதுவா, சின்னதா, ரெண்டு பக்கமும் சமமா அசைக்கப் பழகணும். 10 பேர்ல 7 பேருக்கு மருந்தே இல்லாம முழுசா சரியாகிற நோய் இது, தைரியமா இருங்க.

கேள்வி: வயசு 54. காபித் தோட்டத்துல பழம் பறிக்கிறேன். ஏத்தம் ஏறிடுறேன், எறங்கும்போது ரெண்டு முட்டியும் உயிர் போகுது. எலும்பு தேஞ்சிருச்சு, நடக்காதன்னு சொல்லிட்டாங்க. நடக்காம நான் எப்படிச் சாப்பிடுறது?
ஒரு வாசகி, தாண்டிக்குடி

பதில்: அக்கா, நீங்க கேக்குறது சரியான கேள்வி. நடக்காம உக்காந்தா முட்டி இன்னும் மோசமாகும். எறங்கும்போது தொடையோட முன் தசை பிரேக் மாதிரி புடிச்சுப் புடிச்சு விடுது, அந்த பிரேக் தேஞ்சா அடி நேரா மூட்டுல விழும். அதனால தொடைக்குப் பலம் ஏத்தணும். நாற்காலில உக்காந்து கை ஊணாம எந்திரிக்கணும், எந்திரிக்கிறது சாதாரணமா, உக்காரும்போது மட்டும் 4 எண்ணி மெதுவா. 10 தடவை, கொஞ்சம் நின்னு மறுபடி 10. உயரமான நாற்காலில ஆரம்பிங்க. செய்யும்போது லேசா வலிச்சா பரவாயில்ல, மறுநாள் காலைல வலி பழைய அளவுக்கு எறங்கியிருக்கணும், எறங்கலைன்னா எண்ணிக்கையைக் கொறைங்க. 6 வாரத்துக்கு முன்னாடி பலன் எதிர்பாக்காதீங்க.

சரிவுல நேரா எறங்காம வளைஞ்சு வளைஞ்சு, சின்ன அடியா வாங்க. படில ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது அதிகமா வலிக்கிற கால் முதல்ல, குச்சி அந்தக் காலுக்கு எதிர்க் கைல இருக்கணும். மூட்டையைப் பாதியாக்கி 2 நடையா எறக்க மேஸ்திரிகிட்ட கேளுங்க, பழம் பறிக்கிற மாசத்துல அது கஷ்டம்னு எனக்கும் தெரியும், ஆனாலும் கேளுங்க. எடை கூட இருந்தா 1 கிலோ கொறைச்சாலே ஒவ்வொரு அடிக்கும் முட்டில கிட்டத்தட்ட 4 கிலோ சுமை கொறையும். முட்டி வீங்கி சூடா இருந்தாலோ, மடக்குன கால் மாட்டிக்கிட்டு நீட்ட முடியலைன்னாலோ டாக்டரைப் பாருங்க.

கேள்வி: மழைல தோட்டத்து வரப்புல வழுக்கி மணிக்கட்டு ஒடஞ்சுச்சு, 6 வாரம் மாவுக்கட்டு, இப்ப பிரிச்சாச்சு. கை வெறச்சுப் போச்சு. எண்ணெய் போட்டு இழுத்து உருவி விடுறேன்னு ஒருத்தர் சொல்றாரு, போகலாமா? வயசு 58.
ஒரு வாசகி, மன்னவனூர்

பதில்: இழுத்து உருவ விடாதீங்க அக்கா, எலும்பு இப்பத் தான் சேந்திருக்கு. விரல் ஒவ்வொண்ணா கட்டைவிரலைத் தொடட்டும், முழுசா மடக்கி விரிங்க, ரெண்டு கையையும் கும்புட்டு அப்படியே மெதுவா கீழ எறக்குங்க, மரக் கரண்டியைப் புடிச்சுக்கிட்டு உள்ளங்கை மேலயும் கீழயும் திருப்புங்க. மணிக்கொரு தடவை 10, 10. கை பளபளன்னு வீங்கி, நெறம் மாறி, தொட்டாலே எரியுதுன்னா தாமதிக்காம டாக்டரைப் பாக்கணும். லேசா வழுக்குனதுக்கே ஒடஞ்சிருக்கு, எலும்பு பலவீனமா இருக்கான்னு அப்படியே கேட்டுருங்க.

கேள்வி: பிசியோவுக்கு வாரம் 3 நாள் கொடைக்கானல் வரச் சொல்றாங்க, வண்டி வாடகைக்கே முடியல. வேற வழி?
பேர் வேண்டாம், கூக்கால்

பதில்: மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, அதுல வீட்டுக்கே வந்து பிசியோ குடுக்குறதும் இருக்கு. உங்க ஊர் நர்ஸ்கிட்ட, இல்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க, ஒரு தடவை சொல்லி வரலைன்னா மறுபடி போய்க் கேளுங்க. பிசியோ வர்ற அன்னைக்கு அவங்க செய்யுறதை போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கங்க, மத்த நாள் அதைப் பாத்துச் செய்யலாம்.

அடுத்த மாசத்துக்கு எழுதுறவங்க வயசு, எந்தப் பக்கம், எத்தனை நாளாச்சு, என்ன மாத்திரை போகுதுங்கிறதோட, வீட்டு வாசல்ல இருந்து ரோட்டுக்கு எத்தனை படி, புடிச்சுக்க கைப்பிடி இருக்கா, கக்கூஸ் எப்படிப்பட்டதுங்கிறதையும் எழுதுங்க.