லெஸ்டரில் மகன், டிவி லைசென்ஸ் கடிதம்: ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டலாமா?

பெருந்துறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மகன் பிரிட்டனில் லெஸ்டர் நகரில் படிக்கிறான். டிவி லைசென்ஸ் இல்லை, விசாரணைக்கு வருவோம் என்று அவன் ரூமுக்குக் கடிதம் மேல் கடிதம். அபராதம், விசா சிக்கல் எல்லாம் வரும், 40,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார் கோவை ஏஜென்ட். கொடுக்கலாமா?"

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முடித்துத் தர அங்கே எதுவும் இல்லை. டிவி லைசென்ஸ் என்பது பிரிட்டனில் டிவி பார்க்கக் கட்டும் ஆண்டுக் கட்டணம். 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்ட், நம்ம கணக்கில் சுமார் 20,000 ரூபாய். தேவைப்பட்டால் பையனே ஆன்லைனில் வாங்கிக்கொள்வான், தவணையும் உண்டு.

சரி, தேவையா? எந்த டிவி சேனலையும் ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் தேவை. செல்போனில் பார்த்தாலும், யூடியூபில் தமிழ் நியூஸ் சேனல் நேரலை பார்த்தாலும் அப்படித்தான். பிபிசியின் வீடியோ ஆப்பான ஐபிளேயருக்கும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படம், யூடியூபில் பழைய காமெடி மட்டும் என்றால் வேண்டாம்.

"சார்ஜர் செருகாமல் லேப்டாப்பில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டாம்" என்று சீனியர்கள் சொல்வார்கள். பாதி உண்மை, அந்தப் பாதியில்தான் மாட்டுவார்கள். பெற்றோர் வீட்டுக்கு பிரிட்டன் லைசென்ஸ் இருக்கும் மாணவனுக்குத்தான் அந்தச் சலுகை. பெருந்துறை வீட்டுக்கு அது ஏது? சார்ஜரைப் பிடுங்கினாலும் உங்கள் பையனுக்கு அது பொருந்தாது.

லைசென்ஸ் பட்டியலில் இல்லாத முகவரிக்கெல்லாம், ஆளே தெரியாமல், "சட்டப்படி குடியிருப்பவருக்கு" என்று எழுதி மிரட்டுவது லைசென்ஸ் வசூலிக்கும் அமைப்பின் வழக்கம். பதில் போடாதவனெல்லாம் திருடன் என்ற நினைப்பு! நம்ம ஊரிலும் ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் உண்டு. அதைத் தலைமுழுகி எத்தனையோ வருஷமாச்சு, அங்கே இன்னும் கட்டி அழுகிறார்கள்.

கடிதம் வந்ததாலேயே விசா போய்விடாது. அபராதத்துக்கு ஆயிரம் பவுண்ட் என்பது உச்ச வரம்பு, அதையும் கோர்ட்தான் விதிக்க முடியும். வாசலில் வந்து நிற்பவர் அபராதம் போட முடியாது, வாரன்ட்டோ பையனின் அனுமதியோ இல்லாமல் உள்ளே நுழையவும் முடியாது.

நேரலையும் ஐபிளேயரும் பார்ப்பதில்லை என்றால் "லைசென்ஸ் தேவையில்லை" என்று லைசென்ஸ் அமைப்பின் அதிகாரப்பூர்வ வெப்சைட்டில் பையன் இலவசமாகப் பதிந்துவிடட்டும். மெயிலில் வரும் லிங்கைத் தொட வேண்டாம், போலி மெயில்கள் ஏராளம். அப்புறம், அந்த ஏஜென்ட்டிடம் பையனின் பாங்க் கார்டு விவரம் ஏதாவது கொடுத்திருந்தால், இன்றைக்கே பாங்கில் சொல்லி கார்டை மாற்றச் சொல்லுங்கள்.