80களின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியில் வரைந்து காசெட்டில் சேமித்த படங்களை இன்றைய பிஎன்ஜி கோப்பாக மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். போன வருடம் நானே ஒரு காசெட் முழுக்க மாற்றினேன்.

என் மாமா சேலம் அம்மாப்பேட்டையில் தறி வைத்திருந்தவர். 80களின் கடைசியில் ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வாங்கி, சேலை பார்டர் டிசைன்களை அதில் போட்டுப் பார்ப்பார். கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக வண்ணம் அடித்து, பிடிக்காமல் போனால் மறுபடி புதுத் தாள் எடுப்பதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது. அப்படி மிஞ்சியவை ஏழு டிசைன்கள்.

முதல் வேலை காசெட்டிலிருந்து எடுப்பது. பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒயர் போட்டு, 44,100 ஹெர்ட்ஸ் மோனோவில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், அது ஒலியின் விளிம்புகளை மழுக்கிவிடும். சத்தம் மங்கலாகக் கேட்டால் ஹெட் பக்கத்திலுள்ள சின்னத் திருகை மெல்லத் திருப்பி, கீச்சென்று கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பெக்ட்ரமைப் போலவே இன்றைய கணினியில் இயங்கும் ஃப்யூஸ் எமுலேட்டர் என்ற மென்பொருளுக்கான துணைக் கருவிகளில் ‘ஆடியோ2டேப்’ என்று ஒன்று உண்டு. அது இந்த ஒலியை டேப் கோப்பாக்கித் தரும். அதில் படம் இருக்கும் துண்டின் முதல் பைட்டையும் கடைசி பைட்டையும் கழற்றினால் மிச்சம் சரியாக 6912 பைட் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இன்றைய படக் கோப்புகள் தங்கள் அகலம், உயரம், நிறம் எல்லாவற்றையும் தலைப்பகுதியிலேயே சொல்லிவிடும். இந்த 6912 பைட்டில் அப்படி எதுவும் இல்லை. கணினியின் திரை நினைவகத்தை அப்படியே காசெட்டில் கொட்டியது, அவ்வளவுதான். எப்படிப் படிக்க வேண்டும் என்ற அறிவு இயந்திரத்தில் இருந்தது. இப்போது அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

திரை 256க்கு 192 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று 6144 பைட். ஆனால் வரிகள் வரிசையாக வராது. முதல் 32 பைட் மேலிருந்து முதல் வரி. அடுத்த 32 பைட் இரண்டாவது வரி இல்லை, ஒன்பதாவது வரி. அப்புறம் பதினேழாவது. இப்படி எட்டெட்டாகத் தாவி, திரையின் மேல் மூன்றில் ஒரு பங்கை முடித்துவிட்டுத்தான் அடுத்த பங்குக்குப் போகும். வரிசையாகப் படித்தால் மாமா பார்டரில் போட்ட கிளி கிழிந்த நாராகத் தெரியும். வரி எண்ணை 0 முதல் 191 வரை வைத்துக்கொண்டு, மற்றதையும் 0 முதலே எண்ணினால் கணக்கு இதுதான்: எத்தனையாவது பங்கு என்பதை 2048ஆல் பெருக்குங்கள். அந்தப் பங்குக்குள் எத்தனையாவது எழுத்து வரிசை (எட்டு வரி சேர்ந்தது ஒரு எழுத்து வரிசை) என்பதை 32ஆல், அந்த வரிசைக்குள் எத்தனையாவது வரி என்பதை 256ஆல் பெருக்கி, மூன்றையும் கூட்டினால் அந்த வரி தொடங்கும் இடம். பைத்தானில் பத்து வரி நிரல் போதும்.

கடைசி 768 பைட் நிறம். எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட், அதில் புள்ளிகளுக்கு மை நிறம் ஒன்று, பின்னணிக்குத் தாள் நிறம் ஒன்று, பிரகாசத்துக்கும் சிமிட்டலுக்கும் ஒவ்வொரு பிட். ஒரு கட்டத்துக்குள் மூன்றாவது நிறம் நுழையவே முடியாது. ஆங்கிலக் கணினிக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. மாமாவுக்கு அப்படித் தோன்றவில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று பார்த்துப் பழகிய கண் அது. பாவு நூல்களைத் தூக்கி டிசைன் போடும் அவருடைய ஜக்கார்டு இயந்திரம் 240 கொக்கி. அதனால் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டத்தைக் காலியாக விட்டு, நடுவில் 240 புள்ளியில்தான் எல்லா டிசைனும் போட்டிருக்கிறார். படம் முழுசாகத் திறந்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

நிறத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். ஸ்பெக்ட்ரமில் கடைசி பிட் நீலம், அடுத்தது சிவப்பு, அதற்கடுத்தது பச்சை. நான் சிவப்பு, பச்சை, நீலம் என்று எடுத்துக்கொண்டேன். பச்சைக் கிளி நீலமாகி, சிவப்பு மூக்கு பச்சையாகிவிட்டது. மாமா பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, கிளி எப்போ நீலமாச்சு?” என்றார்.

சேமிக்கும்போது 16 நிறப் பட்டியலோடு பிஎன்ஜி ஆக்குங்கள். ஜேபெக் கட்டங்களின் விளிம்பைக் கலங்கடித்துவிடும். பெரிதாக்கினால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில், வழவழப்பாக்காமல் செய்யுங்கள். சிமிட்டும் கட்டம் இருந்தால் இரண்டு சட்டமுள்ள ஜிஃப் செய்யலாம். 6912 பைட்டுள்ள மூலக் கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.

உங்கள் கோப்பு 10,003 பைட் என்றால் அது பெரும்பாலும் கமடோர் 64 கணினியில் கோலா என்ற நிரலில் வரைந்த படம், 32,034 என்றால் அடாரி எஸ்டி கணினியில் டீகாஸ் என்ற நிரலில் வரைந்தது. அவற்றுக்குக் கணக்கு வேறு.

ஏழாவது டிசைனில் டேப் கசங்கியிருந்தது. 6144 பைட்டும் வந்துவிட்டன, நிறத்துக்கான 768 வரவில்லை. கறுப்பு வெள்ளையாக அச்செடுத்து மாமாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து “இது அரக்கு, இது மஞ்சள்” என்று சொல்லிக்கொண்டே போனார். நான் தட்டச்சிட்டேன். 768 கட்டத்துக்கு இரண்டு சாயங்காலம் ஆனது.