ஏ.எல். முடித்துவிட்டு ஊரில் இருப்பவருக்கு நோக்கம் எங்கிருந்து வரும்?

கேட்டவர் திருகோணமலைக்காரர். உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகம் கிடைக்காதவர். "படிப்பு, ஊரின் மரபு, தினமும் நல்லதையே நினைப்பது, இந்த மூன்றையும் வைத்து வாழ்க்கைக்கு ஒரு நோக்கத்தைத் தேடிக்கொள்ள முடியுமா?" என்பது கேள்வி. நானும் இதே ஊர்தான். முடியும் என்றுதான் சொல்வேன், ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை கொடுக்க மாட்டேன்.

முதலில், பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற அந்த இசட் புள்ளி. பெரும்பாலான துறைகளில் இடங்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று பாருங்கள்: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், மீதி 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. இத்தனை சலுகைக்குப் பிறகும் கிடைக்கவில்லையே என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், எனக்கும் சொன்னார்கள். இருக்கிற கொஞ்ச இடத்தை யார் யாருக்குக் கொடுப்பது என்ற கணக்கு அது, அவ்வளவுதான். நான் வேலைக்குப் போய்க்கொண்டே வெளிவாரிப் பட்டம் முடித்தேன். உங்களுக்குத் தொழில்நுட்பக் கல்லூரி சரிவரலாம், உயர் தேசிய டிப்ளோமா சரிவரலாம். எதுவென்றாலும் இந்த வருடமே பதிந்துவிடுங்கள். வீட்டில் சும்மா இருந்து நோக்கத்தை யோசித்துக் கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை.

படிப்பும் மரபும் வேறு வேறு என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது விபுலானந்த அடிகளைத்தான். 1892 இல் காரைதீவில் பிறந்தவர், 1920களில் எங்கள் ஊர் இந்துக் கல்லூரியின் பொறுப்பில் இருந்தவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரும் அவரே. பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலில் வழக்கொழிந்துபோன பழைய யாழ்களைக் கணக்கும் ஒலியியலும் கொண்டு ஆராய்ந்திருக்கிறார். விஞ்ஞானம் படிக்கிறவன் கெட்டிக்காரன், கலைப்பிரிவு எடுத்தவன் வேறு வழியில்லாதவன் என்று எங்கள் ரியூசன் கொட்டில்களில் இன்னும் கதைக்கிறார்களே, அவர்களை இந்த மனிதரிடம்தான் அனுப்ப வேண்டும்.

மரபு என்றதும் நம் ஆட்கள் பெருமை பேசத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் கோணேசர் கோயில் பாடல் பெற்ற தலம், சம்பந்தர் பதிகம், கோயில் மலையில் பாறை பிளந்த இடமான இராவணன் வெட்டு. எல்லாம் சரி. ஆனால் பெருமை பேசி முடித்த பிறகு செய்ய ஒரு வேலையும் இருப்பதில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஒருமுறை பிள்ளைகளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது பிரெட்ரிக் கோட்டை வாசலிலேயே நிறுத்தினேன். அங்கே வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலும் தேய்ந்துபோன சில தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற பழைய அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னால் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்ற பாட்டு அது. போர்த்துக்கேயர் 1622 இல் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னவள் கேட்டாள்: "ரீச்சர், இது இடிக்க முதலே எழுதினதா, இடிச்ச பிறகு எழுதினதா?"

அந்தக் கேள்விக்காக எத்தனை புத்தகம் புரட்ட வேண்டியிருந்தது! கல்வெட்டு எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் காலம் கணிக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிள்ளை இப்போது கொப்பி ஒன்றில் பழைய எழுத்துகளை வரைந்துகொண்டு திரிகிறது. மரபு ஒருவரை வளர்க்கும் என்றால் இப்படித்தான் வளர்க்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் அந்த மலையில் நின்றுதான் சொல்ல வேண்டும். கோயில் இடிபட்ட பிறகு, ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும், சனங்கள் வெறும் பாறையில் நின்று தேங்காய் உடைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள், பூவையும் பழத்தையும் கடலில் போட்டிருக்கிறார்கள். 1950 இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் கிடைத்தன, 1963 இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இடையில் முந்நூறு வருடத்துக்கு மேல். கோயில் இல்லாமலே வந்துபோன அந்தச் சனங்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. நோக்கம் என்றால் பெயர் எடுப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு இவர்கள்தான் ஞாபகம் வருவார்கள்.

(பெயர் எடுத்தும் மறக்கப்பட்டவர்கள் தனி. 1895 இல் வந்த 'மோகனாங்கி'யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்கிறார்கள். எழுதிய சரவணமுத்துப்பிள்ளை எங்கள் ஊர்க்காரர். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று விசாரித்துப் பாருங்கள், எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று.)

இனி அந்தத் தினசரி நல்லெண்ணம். ரோசாப்பூப் படத்தில் காலை வணக்கம் போட்டு வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதனால் யாரும் திருந்தியதாக நான் அறியேன். கவலை இருக்கும்போது "நல்லதையே நினை" என்று சொன்னால் கோபம்தான் வரும். எனக்கு உதவியது அம்மம்மாவின் கேள்வி ஒன்று. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவ. நான் வீட்டுக்கு வந்ததும், "இண்டைக்கு என்ன பிள்ளை புதுசா அறிஞ்சனீ?" என்பா. சும்மா ஒன்றுமில்லை என்றால் விடமாட்டா. 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாத இரவுகளிலும் இந்த விசாரணை நடந்தது. இதனாலேயே பஸ்ஸில் எதையாவது வாசிக்கப் பழகினேன், பக்கத்தில் இருக்கும் மீன்காரரிடம் எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்று கேட்கப் பழகினேன். மனம் சோர்ந்த நாளிலும் சொல்ல ஒன்று கையில் இருந்தது.

எங்கே தொடங்குவது? உங்கள் ஒழுங்கையில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் அம்மாவிடம் போய், பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் சொல்லித்தருகிறேன் என்று கதையுங்கள். காசு வாங்கலாமா என்று கூச்சப்படாதீர்கள், கொஞ்சமாவது வாங்குங்கள். இலவசம் என்றால் பிள்ளையும் ஒழுங்காக வராது, நீங்களும் மழையைச் சாட்டு வைத்து விட்டுவிடுவீர்கள். மார்கழியில் எங்கள் ஊர் மழை எப்படி என்று தெரியும்தானே.