பள்ளியில் வேளாண் கண்காட்சி: அரசுப் பணத்தை எந்தத் தலைப்பில் கேட்பது?

கேள்வி: வடசென்னையில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். 40 மாணவர்களுக்கு ஓராண்டு வேளாண் பயிற்சி கொடுத்து, ஜனவரியில் 2 நாள் கண்காட்சி நடத்த விரும்புகிறோம். 3 லட்சம் ரூபாய் கேட்டு வேளாண் துறைக்கு மனு கொடுத்தோம். “எங்கள் திட்டங்களில் இதற்கு இடமில்லை” என்று திருப்பிவிட்டார்கள். வேறு எங்கே கேட்பது?

பதில்: மனு திரும்பியதில் வியப்பில்லை. வேளாண் துறையின் விரிவாக்கப் பணம், அதாவது பயிற்சி, ஆலோசனைக்கான பணம், பெரும்பாலும் ஆத்மா திட்டத்தின் வழியே வருகிறது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் வரும் அந்தப் பணம் விவசாயிகளுக்கானது. பள்ளி மாணவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் கேட்டவிதம். அரசுப் பணம் கணக்குத் தலைப்பை, அதாவது எந்தச் செலவுக்கென ஒதுக்கியது என்பதைப் பார்த்துத்தான் இறங்கும். பந்தல், மைக், பொன்னாடை, நினைவுப் பரிசு என்று எழுதினால் எந்தத் தலைப்பிலும் பொருந்தாது. விதை, வளர்ப்புப் பை, பயிற்றுநர் மதிப்பூதியம், களப்பயணப் பேருந்து என்று எழுதினால் பொருந்தும். எனவே 3 லட்சத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். கண்காட்சியைத் தனி விழாவாகக் காட்டாமல், பயிற்சியின் கடைசி 2 நாளாகக் காட்டுங்கள்.

முதல் துண்டு உங்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ‘இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றம்’ என்ற தலைப்பு உண்டு. அதன் நெறிமுறைப்படி ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைக்கு 15,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை தரலாம். இவை உச்சவரம்புகள்தான், கைக்கு வருவது குறையலாம். 2024-25இல் இத்திட்டத்தின் மத்தியப் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றதையும் நினைவில் வையுங்கள். இந்த ஒரு தலைப்பை மட்டும் நம்பி இறங்குவது நல்லதல்ல.

சத்துணவு வழியாக இன்னொரு வாசல் இருக்கிறது. பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் 2019இல் வந்தன. விதை, கருவி, உரம் ஆகியவற்றை வேளாண் அறிவியல் நிலையம், தோட்டக்கலைத் துறை போன்றவற்றோடு இணைந்து பெறலாம் என்கின்றன அவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தத் தோட்டத்தின் காய், கீரை சத்துணவுக் கூடத்துக்குப் போகவேண்டியவை. கண்காட்சியில் விலை ஒட்டி விற்றால் தணிக்கையில் கேள்வி வரும். விற்க ஆசை என்றால் அதற்குத் தனிப் பைகளை, வேறு பணத்தில் வையுங்கள்.

பயிற்சிக்குப் பணமாகக் கேட்பதைவிட ஆளாகக் கேட்பது எளிது. கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல், பயிற்சி மையம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு திரூரிலும், தெற்கே காட்டுப்பாக்கத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. திரூர் வேளாண் பல்கலையின் கீழும், காட்டுப்பாக்கம் கால்நடைப் பல்கலையின் கீழும் இயங்குகின்றன. ஆடு, கோழி வளர்ப்பைக் காட்ட நினைத்தால் காட்டுப்பாக்கம்தான் பொருத்தம். தலைமையாசிரியர் கையெழுத்தோடு தேதி, மாணவர் எண்ணிக்கை, வகுப்பு, எந்தப் பாடம் என்று நாலே வரியில் கடிதம் போதும். கண்காட்சிக்கு அவர்களுடைய அரங்கு ஒன்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

பெரிய தொகை வேண்டுமானால் நுங்கம்பாக்கத்தில் உள்ள நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) மண்டல அலுவலகம். அங்கு 2014இல் உருவான பண்ணைத் துறை மேம்பாட்டு நிதி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு நேரடியாக விண்ணப்பிப்பதைவிட, பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் ‘தர்பன்’ தளத்தில் பதிவெண் வாங்கி, உங்களோடு சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது. நபார்டின் அக்கறை விவசாயி மேல்தான். திருவள்ளூர், செங்கல்பட்டு உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நகர வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் இடமாகக் கண்காட்சியைக் காட்டாத கருத்துரு அங்கே எடுபடாது.

பலர் முதலில் ஓடுவது சட்டமன்ற உறுப்பினரிடம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி என்பது உண்மைதான். ஆனால் அது நிலையான சொத்துக்கானது. தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் கேட்கலாம். 2 நாள் பந்தல் கேட்க முடியாது.

இனி நாட்காட்டி. இதில்தான் பல பள்ளிகள் சறுக்குகின்றன. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அடிக்கிறது, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மிஞ்சுவது பொங்கல் விடுமுறைக்குப் பிந்தைய ஜனவரி நாட்கள்தான். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தக்காளி, கத்தரி நாற்றங்கால் அக்டோபர் நடுவில். 25 முதல் 30 நாள் நாற்றை நவம்பரில் நடவேண்டும். வெண்டை, முள்ளங்கிக்கு 45 நாள், சிறுகீரைக்கு 25 நாள் போதும். அவற்றை டிசம்பரில் விதைக்கலாம். இருவருக்கு ஒரு பை என்றால் 20 பைகள். மழையில் சில போகும், 26 வாங்குங்கள். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் வடிகால் துளைகளைப் பாருங்கள். நவம்பரில் செடி சாவது பெரும்பாலும் வேர் அழுகித்தான். 10, 12ஆம் வகுப்புகளை இதில் இழுக்காதீர்கள். விண்ணப்பங்கள் ஜூன், ஜூலைக்குள் போயிருக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு கேட்டால் ஒப்புதல் வரும்போது பொங்கலே முடிந்திருக்கும்.

கணக்கில் மாட்டுவது பெரும்பாலும் தேதியால். ஒப்புதல் ஆணைக்கு முந்தைய தேதியிட்ட ரசீது செல்லாது. ஆகவே ஆணை வரும்வரை ஒரு பை விதைகூட அந்தப் பணத்தை நம்பி வாங்க வேண்டாம். ரசீது பள்ளி பெயரில் இருக்க வேண்டும், ஆசிரியர் பெயரில் அல்ல. மத்திய அரசு மானியம் என்றால் பொது நிதி விதிகள் 2017இல் உள்ள 12-ஏ படிவத்தில், பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வங்கியில் கிடந்த நாட்களுக்கு வட்டி வந்திருந்தால் அதுவும் அரசுக்கே திரும்ப வேண்டும். “சின்னத் தொகைதானே” என்று செலவழித்துவிட்டு அடுத்த ஆண்டு மானியத்தைத் தொங்கவிட்டுக்கொள்ளாதீர்கள். ஒரே செலவை இரண்டு தலைப்பில் காட்டுவது இன்னும் மோசம். பேருந்துக்கு நபார்டு கொடுத்தால் சுற்றுச்சூழல் மன்றக் கணக்கில் பேருந்தே இருக்கக்கூடாது.

கண்காட்சியில் விதை, நாற்று விற்கும் அரங்குகளுக்கு 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும்; பூச்சிக்கொல்லிக்கும் தனி உரிமம். அரங்கு ஒதுக்கும்போதே உரிம நகலை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள். மாணவர்கள் சேகரித்த விதையை உறையிலிட்டு இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். விற்பனை என்று ஆக்கவேண்டாம். தின்பண்ட அரங்குகளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். இதையும் டிசம்பரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.