கையில் கட்டிய கயிறு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் பையன்கள் காலையில் அடித்துக்கொண்டால் மதியம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். இப்போது சின்ன உரசல் என்றாலே அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம், கையில் எதற்கு இந்தச் சாதி அடையாளக் கலர் கயிறு என்று கேட்டேன். "கெத்து டீச்சர்" என்றான். கழற்றச் சொன்னேன், கழற்றினான். மதியம் பார்த்தால் திரும்பக் கட்டியிருக்கிறான். செய்தியைத் திறந்தால் வெட்டு, குத்து. இதெல்லாம் ஒருநாள் அடங்கும் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா? ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

நம்புகிறேன். அடங்கிய ஊர் ஒன்றைப் பற்றிப் படித்திருக்கிறேன், அதனால்தான்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. இருபது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் கொலைத் தலைநகர் என்று பத்திரிகைகள் எழுதிய ஊர். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பையன்கள் கும்பல். அடுத்த தெருவுக்குள் கால் வைத்தால் கத்தி. வாயோரத்திலிருந்து காது வரை கிழிப்பது அங்கே வழக்கமாகவே இருந்தது. கிழிபட்டவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பழிக்குப் பழி.

2005ல் அங்கே காவல்துறைக்குள்ளேயே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஜான் கார்னோகன் கொலை வழக்குகளைத் துப்பறிந்த அதிகாரி. கேரின் மெக்ளஸ்கி நர்ஸாக இருந்து, அப்புறம் காவல்துறையில் ஆய்வு வேலைக்கு வந்தவர். காலராவைப் பார்ப்பது மாதிரி வன்முறையைப் பார்க்க வேண்டும் என்றார்கள்: எங்கே பிடிக்கிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, நடுவில் எங்கே நின்று மறிப்பது.

2008ல் அந்தக் கும்பல் பையன்களை நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். வழக்குக்காக இல்லை, உட்கார்ந்து கேட்பதற்காக. முதலில் போலீஸ் பேசியது: நீங்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும், இனி ஒருவன் கை வைத்தால் கும்பல் முழுக்கப் பிடிபடும். பிறகு முகங்களைத் தைத்துத் தைத்துச் சலித்துப்போன மருத்துவர் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பேசினார். கடைசியில் ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள். இதிலிருந்து வெளியே வர நினைத்தால் கூப்பிடு. படிப்போ வேலையோ, நாங்கள் கூட நிற்கிறோம் என்றார்கள்.

கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையையும் அந்தக் காலத்தில் கூட்டினார்கள், அதை மறைக்கக் கூடாது. 2004-05ல் ஸ்காட்லாந்தில் 130க்கு மேல் கொலைகள் நடந்தன. பத்து வருடத்தில் அது பாதிக்கும் கீழே வந்தது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே ராத்திரியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவன் பள்ளியில் சொன்ன பிறகு நடந்தது இது. சொன்னதற்கும் வெட்டியதற்கும் நடுவில் ஒரு பொழுது இருந்ததே, அந்தப் பொழுதில் அந்தப் பையன்களின் வீட்டுக்கு யாராவது போய் உட்கார்ந்திருந்தால் என்று இன்றுவரை நினைத்து நினைத்து வேதனைப்படுகிறேன். பழி மனசுக்குள் பழுக்க நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் நமக்கு இருப்பது.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். கோயில் கொடையில் அடிதடி என்றால் அடிபட்டவன் வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்வார். சமாதானம் எல்லாம் பேச மாட்டார். வெற்றிலை கேட்பார், தண்ணீர் கேட்பார், விடிய விடிய ஊர்க்கதை பேசுவார். அவரைத் தாண்டி யார் அரிவாளை எடுத்துக்கொண்டு போவது? இன்றைக்கு அந்தத் திண்ணையும் இல்லை, ஆளும் இல்லை. அடிபட்டவனுக்குத் துணையாக ராத்திரி முழுக்க விழித்திருப்பது வாட்ஸாப் குரூப்தான். அதில் வருவதெல்லாம் உசுப்பேற்றும் குரல்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. அதை எதிர்த்தவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. பிள்ளையின் மணிக்கட்டில் அப்பன் தாத்தனின் பகையைக் கட்டி அனுப்பிவிட்டு அதைப் பண்பாடு என்று சொல்லாதீர்கள்.

நீங்கள் தமிழாசிரியர், கோவூர் கிழாரை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பையனுக்கு அவரைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேருமே சோழர்கள். உறையூரில் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடக்க, வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டு நிற்க, புலவர் நடுவில் போய் நின்று அவர்கள் மாலையைத்தான் காட்டினார். எதிரே நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை. இரண்டு பேர் மாலையும் சோழரின் ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்றார். கயிறு கட்டிய பையனுக்கு இது புரியாதா என்ன? ஒரே ஊர்த் தண்ணீர், ஒரே யூனிஃபார்ம், ஒரே பெஞ்ச்.

கழற்றிய கயிற்றை அவன் மதியம் திரும்பக் கட்டியது உங்கள் தோல்வி இல்லை. வகுப்பில் நாலு பேர் பார்க்கக் கழற்றியவனுக்கு, நாலு பேர் பார்க்கக் கட்டித்தான் ஆக வேண்டியிருந்திருக்கும். அடுத்த முறை தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். கயிற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலையில் என்ன சாப்பிட்டான், வீட்டில் யார் இருக்கிறார்கள், சாயங்காலம் யாரோடு சுற்றுகிறான் என்று கேளுங்கள். உங்களிடம் "கெத்து" என்று ஒளிக்காமல் சொன்னவன், மற்றதையும் சொல்வான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.