கதாபாத்திரம் தானாக நடக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் நாகர்கோவிலில் ஒரு நாவலாசிரியரின் உரையைக் கேட்டேன். அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று தமக்கே தெரியாது என்றும், கதாபாத்திரங்கள் தம்மைத் தாமே எழுதிக்கொண்டன என்றும் சொன்னார். எங்கள் ஊர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை வைத்து நாவல் எழுத முழுத் திட்டம் போட்டிருக்கிறேன். ஐப்பசி மழையில், ஒரு விடிகாலையில், தோட்டத்தில் முதலாளியோடு மோதி அவர் வேலையை உதறுவதுதான் அதன் மையம். திட்டமிட்டு எழுதுவது தவறா?

ஒரு வாசகர், குலசேகரம்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் எழுதி முடித்தவர் திரும்பிப் பார்த்துச் சொல்வது அது. கிழித்துப் போட்ட பக்கங்கள் பெரும்பாலும் மேடைக்கு வருவதில்லை. நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ ஐம்பதுகளின் இறுதியில் ‘சரஸ்வதி’ இதழில் வெளிவரத் தொடங்கி, 1966-இல்தான் முழு நூலாக வந்தது. அத்தகைய இடைவெளியை ஒரு மணி நேரப் பேச்சுக்குள் யாராலும் அடக்க முடியாது.

உங்கள் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் வெளியே வழிந்துவிடும். சிரட்டையில் விழுந்ததையும் மழைநீர் கெடுத்துவிடும். மழைநீர் வெட்டில் படாதபடி மரங்களில் மழைமறைப்புக் கட்டாத தோட்டமென்றால், அந்த விடிகாலையில் உங்கள் தொழிலாளிக்கு அங்கே வேலையே இல்லை. நாள்கணக்கில் கூலியின்றி வீட்டில் இருந்துவிட்டு, முன்பணம் கேட்டு முதலாளியின் வீட்டு வாசலில்தான் அவர் நிற்பார். மோதலும் அங்கேதான் நடக்கும். வேலையை உதறிவிட்டு நிமிர்ந்து நடப்பவராக நீங்கள் எண்ணியிருந்த மனிதர், முதலாளியின் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, நீட்டிய பணத்தை வாங்கவும் கூசி, வெறுங்கையோடு திரும்பவும் முடியாமல் நிற்பவராக ஆகிவிடுகிறார். இது உங்கள் திட்டத்தில் இல்லை. அந்தத் தொழிலையும் அந்த மழையையும் நீங்கள் அறிந்திருப்பதிலிருந்து வருவது. கதாபாத்திரம் தானாக நடந்தது என்று நாவலாசிரியர்கள் சொல்வது பெரும்பாலும் இத்தகைய இடங்களைத்தான் என்று நம்புகிறேன்.

ஆகவே திட்டத்தைக் கைவிட வேண்டாம். அது இல்லாவிட்டால், மழை எதைக் குலைத்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். அந்தக் காட்சியை முதலாளியின் வாசலில் வைத்து மறுபடி எழுதிப் பாருங்கள். இனி ஒரு நாவலாசிரியரைக் கேட்க வாய்த்தால், எந்த அத்தியாயத்தை நீக்கினீர்கள், எது தெரியவந்ததால் நீக்கினீர்கள் என்று கேளுங்கள்.