ஒரே கல்லில் கயனைட்டும் சிலிமனைட்டும்: எது முதலில்?

பெரும்பாலும் கயனைட்தான் முதலில். ஒரே சிஸ்ட் பாறையில் (அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறி, தகடு தகடாகப் பிரியும் பாறை) இந்த இரண்டு கனிமங்களும் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் உருவாகியிருக்க வேண்டியதில்லை.

இரண்டும் ஒரே அலுமினியம் சிலிக்கேட்தான், படிக அமைப்பு மட்டும் வேறு. கயனைட்டுக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும், சிலிமனைட்டுக்கு வெப்பம். கண்டங்கள் மோதி பூமியின் மேலோடு தடிக்கும்போது பாறை ஆழத்துக்குப் போய்விடும், ஆனால் சூடு மெதுவாகத்தான் ஏறும். அப்புறம் மேலே உள்ள மலை அரிக்கப்பட, பாறை எழத் தொடங்கும். அழுத்தம் குறையும்போதும் வெப்பம் கொஞ்ச காலம் ஏறிக்கொண்டே இருக்கும். சிலிமனைட் பிறப்பது அப்போதுதான். அந்த மாற்றம் மிக மந்தமானது என்பதால் பழைய கயனைட் மிச்சம் நிற்கிறது. மலை புதைந்ததும் எழுந்ததும் உங்கள் கைக்கல்லிலேயே இருக்கிறது, எவ்வளவு அருமையான விஷயம்!

கல்லிலிருந்து ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பாருங்கள். சிலிமனைட் ஊசிகள் கயனைட்டின் விளிம்பைத் தின்றிருந்தால் வரிசை சரி. தொடாமல் இருந்தாலும் கைவிட வேண்டாம், அந்த ஊசிகள் பல நேரம் பயோடைட் என்ற கருநிற மைக்காவுக்குள்தான் முளைக்கும்.

ஒன்று மட்டும் கவனம்: இது வரிசையைத்தான் சொல்லும், வயதை அல்ல. வெவ்வேறு காலங்களில் நடந்த இரண்டு மலையாக்கங்களும் (மலைகள் உருவாகும் நிகழ்வுகள்) இதே தோற்றத்தைத் தரலாம். அதைப் பிரித்தறிய மோனசைட் என்ற கனிமத்தின் சிறு மணிகளில் யுரேனியம்–ஈயக் காலக்கணிப்பு (யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவை வைத்து வயதைக் காண்பது) செய்ய வேண்டும்.